ஐஸ்பெட்டிக்கு ஒரு வீடு

அன்று அந்த வீட்டு வாசலில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பொன்னேரியிலிருந்து சாவியோடு வந்த வீட்டுக்கார பாய், கன்னியம்மாக்கா, நான், யாருடையது என்று தெரியாத ஒரு வெள்ளாடு, எதிரே ஒல்லாந்தர் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு. இத்தனை பேருக்கும் நடுவில், தன் தெர்மாகோல் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார் ஐஸ்பெட்டி. பழவேற்காட்டில் அவர் வாடகைக்குக் கேட்காத கட்டடம் கலங்கரை விளக்கம் ஒன்றுதான். அதையும் கேட்டார் என்று சொல்பவர்கள் உண்டு.

அவர் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மீன் ஏலம் விடும் இடத்துக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பது தொழில். அவருடைய ஆஸ்தி முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு லுங்கி, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பூட்டு. வீடு இல்லாதவருக்குப் பூட்டு எதற்கு என்று கேட்டால், "வூடு கெடைச்ச அன்னிக்கே பூட்டுக்கு அலைய முடியுமா நைனா?" என்பார். அந்தப் பூட்டு பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தது. அவர் படுப்பது ஐஸ் டிப்போவில், ஏழு பேரோடு, ஈரச் சாக்கின் மேல்.

துறைமுக வேலைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து அறை எடுக்க ஆரம்பித்ததும் வாடகை ஏறிவிட்டது. ஒண்டிக்கட்டைக்கு அந்த வாடகைக்கும் வீடு இல்லை. ஐம்பத்தைந்து வயது மனிதரைப் பார்த்து, "பேச்சிலருக்குக் குடுக்கறதில்ல" என்பார்கள்.

"என்னிய இன்னும் பேச்சிலர்னு சொல்றாங்கோ நைனா" என்று டீக்கடையில் வந்து பெருமையாகச் சொல்வார். டீ பாதி குறைந்ததும் குரலும் இறங்கிவிடும். "உள்ளே போய் தாப்பா போட்டுக்கணும். அவ்ளோதான் என் ஆசை. ஒரு தபாகூட போட்டதில்ல."

எனக்கும் ஒரு கதவு வேண்டியிருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தேன். மூன்று நாளைக்கு ஒரு நாள் இரவு வேலை. விடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரே அறையில் பதினோரு பேர். தூங்க முடியாது. ஒருமுறை வேலையில் கண் அசந்து சூப்பர்வைசரிடம் மாட்டிக்கொண்டேன். "இன்னொரு தபா தூங்குனே, அப்படியே வூட்டுக்குப் போயிடு" என்றார். அன்றிலிருந்து, தூங்கிவிடுவோமோ என்ற பயத்திலேயே தூக்கம் கெட்டது.

கல்லறைக்கு எதிரே இருந்ததால் அந்த வீட்டுக்கு ஆள் வரவில்லை. வாடகை மூவாயிரத்து அறுநூறு. எலும்புக்கூடு இல்லாவிட்டால் ஆறாயிரம் என்றார் பாய். தனி ஆளாக அதையும் எங்களால் கொடுக்க முடியாது. அப்போதுதான் ஐஸ்பெட்டி யோசனை சொன்னார்.

"வூட்டுக்கும் பாடு வெச்சா இன்னா?"

ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களுக்கு இங்கே பாடு உண்டு. சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று உன் பாடு என்றால் அந்த இடம் முழுக்க உன்னுடையது. அடுத்தவன் வலை இறங்காது. அன்றைக்குப் பார்த்துக் காற்று கிளம்பி இறங்க முடியாமல் போனால், பாடு போனது போனதுதான். மாற்றிக்கொள்ள முடியாது. ஐஸ்பெட்டி சுண்ணாம்புக்குளம் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். ஊரில் எல்லாருடைய பாட்டுக்கும் ஐஸ் உடைத்தாரே தவிர, அவருக்கென்று ஒரு பாடு இருந்ததில்லை.

மூன்றாவது ஆளாக வந்தவர் கன்னியம்மாக்கா. ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஐந்து பேரப்பிள்ளைகள். "மூணு நாளைக்கு ஒரு நாளு, சோறு எங்கன்னு கேக்க ஆளில்லாத எடத்துல குந்தினு இருக்கணும்டா" என்றார்.

பாயிடம் ஐஸ்பெட்டி பொய் சொல்லவில்லை. "நாங்க மூணு பேரு" என்றார். மனைவி, மகன் என்று பாய் தானாக முடிவு செய்துகொண்டு சாவியைக் கொடுத்தார். அவர் தலை மறைந்ததும் பெட்டி மூடியில் சீட்டுக் குலுக்கினோம். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவருக்குக் கடைசிச் சீட்டு. மூன்றாம் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். திறந்தார். மறுபடி போட்டார். நாலாவது தடவை வெள்ளாடு எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டது.

பாய் மாதாமாதம் வாடகை வாங்க வருவார். ஒரு மாதம் அக்கா மட்டும் இருப்பார், ஒரு மாதம் நான் மட்டும். மூன்றாவது மாதம் ஐஸ்பெட்டியிடம் பாய் கேட்டே விட்டார்.

"இன்னாபா குடும்பம் இது? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவே மாட்டீங்களா?"

"அதான் பாய், இத்தினி நாளா ஒரு சண்டை வந்திருக்குதா?"

பாய் வாடகையை இன்னொரு தடவை எண்ணினார். தன் வீட்டை நினைத்திருப்பார் போல. அப்புறம் கேட்கவே இல்லை.

குடோனில் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட, எனக்கு இரவு வேலை மூன்று நாளில் இரண்டு நாளானது. இரண்டாவது இரவு முடிந்து நான் தூங்க வேண்டிய நாள், ஐஸ்பெட்டியின் பாடு. கேட்காமலிருந்தால் வேலை போகும். கேட்டால் அவர் மனசு நோகும். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் கேட்டேன்.

"மாத்திக்கறதா? பாட்டுல அந்தப் பேச்சே கெடையாது நைனா" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் பாடு. வேலை முடிந்து எங்கள் பதினோரு பேர் வீட்டுக்கு வந்தால், வாசலில் சாவியோடு நிற்கிறார்.

"எனக்கு இன்னிக்கி காத்து."

அண்ணாந்து பார்த்தேன். தென்னையில் ஒரு கீற்று அசையவில்லை. ஏரி தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது.

"எங்கேணா காத்து?"

"செம காத்து. எறங்க முடியாது. என் பாடு போச்சு. எடம் சும்மாதான் கெடக்குது. சும்மா கெடக்கற எடத்துல யாரு பூந்தா எனக்கின்னா?"

சாவியை என் கையில் வைத்துவிட்டு, ஈரச் சாக்குக்குப் போனார். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட என் கை கூசியது. போட்டேன். தூங்கினேன்.

நாலு மாதம், அவர் பாடு வந்த நாளெல்லாம் பழவேற்காட்டில் காற்று. தன் பங்கு வாடகை ஆயிரத்து இருநூறை மட்டும் மாதம் தவறாமல் கொடுத்தார். புது ஆள் வந்து எனக்கு இரவு வேலை குறைந்த அன்று சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திறந்தது. மறுபடி விழுந்தது.

இப்போது எனக்கு மீஞ்சூரில் குடித்தனம். அவரும் அக்காவும் இன்னும் பாடு முறையில்தான் இருக்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அந்த நாலு மாத வாடகைப் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். "காத்தடிச்ச நாளுக்கு எவனாவது காசு வாங்குவானா? டீ சொல்லு" என்கிறார்.

டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். ஐஸ்பெட்டிக்கு நான் தர வேண்டிய பாக்கி, நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.