பிரித்து வைத்த ஸ்க்ரூ மறுபடி கலந்த விவகாரம்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் நான் நம்புவது இந்த ஒன்றைத்தான். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்தாலே பட்டறையில் நாலு காது நீளுகிறது. அதனால்தான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுதுகிறேன்.

நாற்காலிப் பட்டறைக்கு ஆர்டர் வந்து வெகு நாளாகிறது. "ஆளுங்கள சும்மா உக்கார வெக்காதீங்க மாப்ளே, சும்மா உக்காந்தா வேற எடம் தேட ஆரம்பிச்சிடுவாங்க. எதையாவது குடுத்துக்கிட்டே இருங்க" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கொடுத்தேன். முதலில் சுவர் ஓட்டைகளையெல்லாம் அடைத்து வெள்ளையடித்தார்கள். பிறகு எல்லாக் கதவுக்கும் எண்ணெய் விட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கதவும் சத்தம் போடுவதில்லை, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்பதே எனக்குத் தெரிவதில்லை. இது தற்செயலா, திட்டமா? வேலை இருந்த காலத்தில் தினம் ஒருத்தருக்குத் தலைவலி வந்து லீவு போடுவார். இப்போது வேலையே இல்லை, ஒருத்தருக்கும் தலை வலிக்கவில்லை. நான் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் வந்து நிற்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பாலிஷ் போடுகிறவரை ரேடியோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அவ்வளவு பேச்சு. அந்த ரேடியோவே என்னைப் பார்த்ததும் அணைந்துபோனால் எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

என் சந்தேகம் இதுதான். மேஸ்திரி மொத்தப் பேரையும் கிளப்பிக்கொண்டு போய்த் தனியாகப் பட்டறை போடப் போகிறார். ஆள் போய்விட்டால், நாளைக்கு ஆர்டர் வந்தாலும் நான் எதை வைத்து நாற்காலி செய்வது? என் பல்லை வைத்தா?

விஷயத்துக்கு வருகிறேன். கொடுக்க வேறு வேலை தோன்றாமல், மூலையில் கிடந்த பழைய ஸ்க்ரூ டின்களை எல்லாம் பெரிய மேஜையில் கொட்டி அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அழகாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். எனக்குப் பகீர் என்றது. மறுநாள் என்னத்தைக் கொடுப்பது? அதனால், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எல்லோரும் போன பிறகு நானே அத்தனையையும் கொட்டிக் கலந்துவிட்டேன். காலையில் "எலி தள்ளிவிட்டிடுச்சு போல" என்றேன். மேஸ்திரி முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "பரவால்லைங்க முதலாளி, மறுபடி பிரிச்சிட்டாப் போச்சு" என்றார். இப்படியே நாள் ஓடியது. எலி என்ன எருமை கனமா என்று ஒரு ஆளாவது கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அங்கேதான் எனக்கு இடித்தது.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். பூட்டும் பொறுப்பை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு மதியமே மேலே வந்து படுத்துவிட்டேன். கலக்கப் போகவில்லை. மறுநாள் இறங்கிப் பார்த்தால் ஸ்க்ரூ எல்லாம் கலந்து கிடக்கிறது! "எலி வேலைங்க" என்று மேஸ்திரி என்னிடமே சொல்கிறார். என் எலியை எனக்கே காட்டுகிறார், மச்சான்! அதற்குப் பிறகு பூட்டுவதை அவரிடமே விட்டு, வேண்டுமென்றே நான் கையே வைக்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் கலந்தே கிடக்கிறது.

கண்டுபிடிக்காமல் விடுவேனா? கால் தடம் பதியட்டும் என்று மேஜையைச் சுற்றிச் சாக்பீஸ் தூள் தூவினேன். குஷன் தைக்கும் அம்மாவுக்குத் தைக்க ஒன்றும் இல்லையா, நான் வருவதற்குள் சுத்தமாகப் பெருக்கித் தள்ளிவிட்டார். மேஜைக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத நூல் கட்டினேன். "நல்ல நூலுங்க, வீணாக் கெடந்துச்சு" என்று உருண்டையாகச் சுற்றி என் கையிலேயே கொடுத்தார். கடைசியில் என் அறைச் சுவரில் ஒளிந்து பார்க்க ஓர் ஓட்டை போட்டேன். மறுநாள் கண்ணை வைத்தால் சிமெண்ட். "ஓட்டை எங்க இருந்தாலும் அடைக்கச் சொன்னீங்களே முதலாளி" என்கிறார் மேஸ்திரி.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. நாளைக்கே மேஸ்திரியைக் கணக்கு முடித்து அனுப்பப் போகிறேன். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கூட இருப்பவர். ஆனால் வேறு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரை உடனே அனுப்பி வையுங்கள். கெட்டிக்காரராக இருக்க வேண்டாம், எதையும் கலக்காதவராக இருந்தால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, சொந்தத் தொழில் எதுவும் தொடங்காமல், நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
இனி யாரையும் நம்பாத
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று கடிதத்தை ஒட்டிவிட்டு, விடியும்வரை பொறுக்க மாட்டாமல் சாயங்காலமே கீழே இறங்கினேன். கதவு சத்தமில்லாமல் திறந்தது. மேஸ்திரி மேஜை முன்னால் நின்று, பிரித்த ஸ்க்ரூவைக் கை நிறைய அள்ளிக் கலந்துகொண்டிருந்தார். "என்ன மேஸ்திரி இது?" என்றேன். மனிதர் ஓடவில்லை. "பிரிச்சு முடிச்சிட்டா, வேலை இல்லேன்னு எங்களை அனுப்பிடுவீங்களோன்னு பயம் முதலாளி. இன்னும் ஒரு நாள் நீளட்டுமேன்னுதான்..." என்றார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றதும் அதனால்தானாம். முதலில் யாரை அனுப்புவேன் என்றுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அவர்களைச் சந்தேகப்பட்ட நேரமெல்லாம் அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்!

"அப்ப அந்த எலி?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். ஆர்டர் வரும்வரை யாரும் எங்கேயும் போக வேண்டாம், இனி யாரும் கலக்கவும் வேண்டாம் என்று பேசி முடித்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து அத்தனையையும் பிரித்து டின்னில் போட்டோம். நானே பூட்டினேன். சாவியும் வீட்டிலேயே இருந்தது.

இன்று காலை பார்த்தால் எல்லாம் கலந்து கிடக்கிறது.

உங்கள் தங்கையைக் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா, நான்தான். கீழ வேலை முடிஞ்சிட்டா நாள் பூரா மேல வந்து உக்காந்துக்கிட்டு, பால் பாத்திரத்தை யாரு நகத்தினது, ஜன்னலை யாரு தொறந்ததுன்னு என்னையில்ல சந்தேகப்படுவீங்க? எனக்குத் தாங்காது" என்றாள். ஆகையால் மச்சான், ஆள் அனுப்ப வேண்டாம். எப்பாடுபட்டாவது ஓர் ஆர்டர் பிடித்து அனுப்புங்கள், நாலு நாற்காலியானாலும் பரவாயில்லை. உங்கள் தங்கை இந்த முறை வாஷரையும் சேர்த்துக் கலந்து வைத்திருக்கிறாள்.