குடியை விட்ட கரடிக்குப் பொன்னாடை

ஒரு காட்டில் இலுப்பை மரங்கள் நிறைய இருந்தன. ஆகவே ஒரு குடிகாரனும் இருந்தான். சடையாண்டி என்று ஒரு கரடி. உதிர்ந்து புளித்த இலுப்பைப் பூவை வயிறு முட்டத் தின்றுவிட்டு, வீடு தெரியாமல் சிறுத்தையின் குகைக்குள் போய்ப் படுக்கப் பாய் கேட்கிற ஆசாமி.

மனைவி ஒச்சம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இன்னொரு தடவை குடிச்சீங்கன்னா, குட்டியத் தூக்கிக்கிட்டு எங்கம்மா மலைக்குப் போயிருவேன். கால்ல விழுந்தாலும் திரும்ப மாட்டேன்" என்றாள். சடையாண்டிக்கு அவள்மேல் உயிர். குட்டிமேல் அதைவிட உயிர். அலறியடித்துக்கொண்டு ஆந்தை டாக்டரிடம் ஓடினான்.

டாக்டர் தலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்: "மண்டைக்குள்ள டோபமின்னு ஒரு சந்தோஷச் சாறு சுரக்குதுய்யா. தேன் தின்னா ஒரு கரண்டி சுரக்கும். இந்தப் பூவைத் தின்னா குடம் குடமா கொட்டுது. மூளை குடத்துக்குப் பழகிப்போச்சு, இனிமே கரண்டி உறைக்காது. கொஞ்ச நாள் எதுவுமே பிடிக்காது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, சரியாப்போகும்."

இருந்தான். பாவம், தேன்கூட மண்ணாய் இருந்தது. ஆனாலும் அந்தப் பூக்காலம் முழுக்க இலுப்பை மரத்தடிப் பக்கமே போகவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். நம் காட்டுக்காரர்கள் விடுவார்களா? எதற்கெடுத்தாலும் மேடை போட்டாக வேண்டுமே! மன்றத் தலைவர் நரி மைக்கைப் பிடித்து, 'குடியை வென்ற கோமான்' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார். காடே கைதட்டியது. முன்வரிசையில் ஒச்சம்மா ஆனந்தத்தில் அழுதாள். சடையாண்டியின் மண்டைக்குள் மறுபடியும் குடம் குடமாய்க் கொட்டியது.

மறுநாள் யாரும் கைதட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பொன்னாடையைத் தானே போர்த்திக்கொண்டு ஓடைக்கரையில் நடந்து பார்த்தான். ஒரு தவளைகூடத் திரும்பவில்லை. பொறுக்க முடியாமல் நரியிடம் போனான்.

"அண்ணே, நான் இன்னமும் குடிக்காமத்தான் இருக்கேன்."

"அதுக்கென்னப்பா இப்போ? முயல் பொறந்ததுலேருந்தே குடிச்சதில்ல, அவனுக்கு யாரு துண்டு போட்டா? விட்டவனுக்குத்தான் விழா."

அடுத்த பூக்காலம் வந்தது. விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குமட்டக் குமட்டப் பூவைத் தின்றான் சடையாண்டி. ஒரு வாரம் கழித்து, ஊரறிய விட்டான். உடனே மேடை போட்டார்கள்.

மேடையேறியதும் முன்வரிசையில் ஒச்சம்மாவைத் தேடினான். நாற்காலி காலியாக இருந்தது. அன்று காலையிலேயே குட்டியோடு அவள் அம்மா மலைக்குப் போயிருந்தாள். மேடையை விட்டு இறங்கப் போனான். அதற்குள் கைதட்டல் எழுந்தது. சடையாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இரு கையும் கூப்பினான்.

நீதி: திருந்தியவனுக்குப் பொன்னாடை போர்த்தாதீர், மறுபடியும் திருந்துவதற்காகவே கெட்டுப்போவான்.