வலது ஸ்பீக்கரில் வடை தின்றவன்

சத்தத்தைப் பற்றி என்னோடு வாதாடி ஜெயித்த ஆள் தாமிரபரணிக்கு அக்கரையிலும் கிடையாது, இக்கரையிலும் கிடையாது. பாபநாசத்தில் ஆறு இறங்குகிற இடத்திலிருந்து கடலில் போய் விழுகிற இடம் வரைக்கும் நான் குழாய் ஸ்பீக்கர் கட்டாத கோயில் ஒன்றிரண்டு இருக்கலாம். அவை இடிந்த கோயில்களாக இருக்கும். ஒரே ஒரு ஆம்ப்ளிபயரை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு தொழிலுக்கு வந்தவன் நான். (பிற்பாடு வேன் வாங்கினேன். கேட்க ஆள் இருக்கும்போதே இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும்.)

அப்பேர்ப்பட்ட நான், கெட்ட சத்தத்தால் ஒருநாளும் கெட்டதில்லை. நல்ல சத்தத்தால்தான் கெட்டேன்.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ கேசட் போடுகிற டெக் வந்துகொண்டிருந்தது. மைக் செட்டோடு வீடியோ எடுக்கும் வேலையையும் நான் சேர்த்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது முப்பது. அதற்குள் ஊரே என்னை அண்ணாச்சி ஆக்கிவிட்டது. "அண்ணாச்சி, வீட்டுல உக்காந்து பாக்க, சத்தம் நல்லா இருக்கமாரி ஒரு கச்சேரி கேசட் சொல்லுங்க" என்று வருவார்கள். பாளையங்கோட்டை வாத்தியார் வீட்டுக்கு கிறிஸ்துமஸ் பாடகர் குழு, டவுன் பாத்திரக்கடைக்காரருக்கு நாகஸ்வரம் என்று வீட்டைப் பார்த்துச் சொல்வேன். டாக்டர் மருந்து எழுதித் தருகிற மாதிரிதான். டாக்டராவது சில நேரம் தவறுவார்.

நல்ல கேசட்டுக்கு நான் வைத்திருந்த பரீட்சை மூன்று. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தம்புரா கேட்க வேண்டும். மிருதங்கத்தின் இடது கை விழும்போது டிவி மேல் வைத்த எவர்சில்வர் டம்ளர் அதிர வேண்டும். பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்க வேண்டும், ஆனால் முன்வரிசைக்காரர் இருமுவது கேட்கக் கூடாது. இந்த மூன்றிலும் தேறிய கேசட் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நான் எடுத்தது.

அம்பாசமுத்திரத்தில் ஒரு சாயங்காலக் கச்சேரி. கேமராவில் என் கூட்டாளி ஞானராஜ். அவன் மேடை ஓரத்தில் என் பக்கத்திலேயே கேமராவை நிறுத்தியிருந்தான். என் மேஜையில் புத்தம்புது டெக். அதன் பின்னால் சத்தம் போக இரண்டு ஓட்டை, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. மேடை மைக்குகளின் வயரை வெள்ளையில் செருகினேன். சிவப்பு சும்மா இருந்தது. காசு கொடுத்து வாங்கிய ஓட்டையை ஏன் சும்மா விட வேண்டும்? "வழியில் நிற்கிற வண்டியை எடுங்கள்" என்று நான் அறிவிப்பதற்காக மேஜையில் தனியாக ஒரு மைக் இருந்தது. அதன் வயரைக் கொண்டுபோய் அதில் செருகினேன். அறிவிப்பு இல்லாத நேரத்தில் குழாய்க்குச் சத்தம் போகாமல் நிறுத்திவிடுவேன். மைக்கை நிறுத்த மாட்டேன். இவ்வளவுதான் நான் செய்தது.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். என் டிவிக்கு ஸ்பீக்கர் ஒன்று, சத்தத்துக்கு ஓட்டையும் ஒன்று. வெள்ளை வயரைச் செருகினேன், சிவப்பைத் தொங்கவிட்டேன். பாட்டுக்காரர் என் மடியில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது.

ஆறு மாதம் கழித்துத் தரகர் மூலம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் கோமதி, வீடு பாளையங்கோட்டை. அவள் அப்பா பத்திரப்பதிவு ஆபீசில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். மாப்பிள்ளை பத்தாவதாவது முடித்திருக்க வேண்டும். "பத்தாவது முடிச்சிருக்கேன் மாமா" என்றேன். (முடிக்கவில்லை. பத்தாவது நடந்த கட்டிடத்துக்குக் குழாய் கட்டியிருக்கிறேன்.) பெண்ணைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

எல்லாம் கூடிவந்து, உறுதி செய்கிற ஒரு வார்த்தைதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து கோமதியின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து புது டிவியும் டெக்கும் இரண்டு ஸ்பீக்கரும் அனுப்பினான்.

"தம்பி சவுண்டுல பெரிய ஆளாம்லா. இந்தச் செட்டுக்குத் தக்கன ஒரு கச்சேரி கேசட் சொல்லும், பாப்போம்" என்றார் பதிவாளர்.

"சொல்லுதது என்ன மாமா, ஞாயித்துக்கிழமை கையிலயே கொண்டாந்திருதேன்."

எந்தக் கேசட் என்பதில் எனக்கு யோசனையே இல்லை. அம்பாசமுத்திரம் கச்சேரியில் முன்வரிசையில் தொடையைத் தட்டிக்கொண்டு ஒருவர் இருக்கிறார், ஞானராஜ் அவரை நெடுநேரம் விடாமல் படம் பிடித்திருக்கிறான். அது பதிவாளர்தான். எடுத்த அன்றைக்கு அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. இப்போது வருங்கால மாமனாரை அவர் வீட்டு டிவியிலேயே காட்டினால் உறுதி வார்த்தை உடனே வந்துவிடாதா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு நாலு மணிக்குப் போனேன். அரைமூட்டை அரிசி உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று. மகன் கடிதத்தில் படம் போட்டு அனுப்பியபடி எல்லா வயரையும் பதிவாளரே செருகியிருந்தார். வலது ஸ்பீக்கருக்குப் போகிற சிவப்பையும்தான். வயர்கள் காலில் தட்டாதிருக்கப் பத்தமடைப் பாயை மேலே விரித்து, அதில் என்னை உட்கார வைத்தார்கள். அத்தை, அதாவது கோமதியின் அம்மா, நாற்காலியில் இருந்தாள். கோமதி உள்வாசல் நிலையில் நின்றாள்.

தம்புரா எழுந்தது. டிவி மேல் நான் வைத்திருந்த டம்ளர் அதிர்ந்தது. பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கோமதியை ஒரு பார்வை பார்த்தேன்.

முதல் பாட்டு முடிகிற இடத்தில் வலது ஸ்பீக்கர் பேசியது.

"லே ஞானராஜ், அந்த வடையை இங்கன தள்ளு."

பதிவாளர் கண்ணைத் திறந்தார். "யாரு தம்பி வடை கேக்கது?"

"சபையில யாராவது இருக்கும் மாமா."

"மெல்லுத சத்தங்கூடக் கேக்கே" என்று அத்தை ஆச்சரியப்பட்டாள். "நல்ல செட்டுதான்."

என் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது என் குரல்தான் என்பதும், அடுத்து அந்தக் குரல் என்னவெல்லாம் பேசியது என்பதும் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது.

"மாமா, வேற கேசட் போடுவோமா? நாகஸ்வரம் ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும், நல்லாத்தான இருக்கு."

"சத்தத்தைக் கொறச்சா இன்னும் நல்லா இருக்கும்."

"சவுண்டுக்காரர் பேசுத பேச்சா தம்பி இது?"

வேறு வழியில்லை. பாய்க்கு அடியில் போகிற வயரைக் கால் பெருவிரலால் துழாவினேன். ஒரு வயர் சிக்கியது. இருமுகிற மாதிரி உடம்பை வளைத்து ஒரே இழுப்பு இழுத்தேன். பதினைந்து வருடம் வயரிலேயே புரண்ட காலாச்சே. கச்சிதமாகப் பிடுங்கிவிட்டது.

பிடுங்கியது இடது ஸ்பீக்கரை.

பாட்டு நின்றது. மிருதங்கம் நின்றது. பாட்டுக்காரர் மட்டும் திரையில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வீட்டில் என் குரல் ஒன்றுதான் மிச்சம்.

"முன்வரிசையில ஒருத்தர் தொடையைத் தட்டுதாரு பாத்தியாலே. எட்டு அடிக்க வேண்டிய எடத்துல ஒம்பது அடிக்காரு. அந்த ஒம்பதாவது எங்கேருந்துதான் வருதோ. அவரைக் கொஞ்சம் பிடி."

ஞானராஜ் பிடித்தான். திரை முழுக்கப் பதிவாளரும் அவர் தொடையும்.

"ஒமக்குத் தாளம் எப்பிடி வே தெரியும்?" என்று ஞானராஜ் கேட்டான். "எங்கன படிச்சீரு?"

கேமரா மேடைக்குத் திரும்பியது. பாட்டுக்காரர் கண்ணை மூடி, கையை மேலே உயர்த்தி, உருக்கமாக வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து என் குரல் வந்தது.

"படிப்பா? எட்டாங்கிளாசே தாண்டல. பெரிய பரீட்சை அன்னைக்கு பணகுடியில குழாய் கட்டிட்டு இருந்தேன். பொண்ணு பாக்கப் போனா பத்தாவதுன்னு சொல்லிக்கிட வேண்டியதுதான். எந்த மாமனாரு சர்ட்டிபிகேட்டைக் கொண்டான்னு கேக்கப் போறாரு?"

அதோடு வலது ஸ்பீக்கர் இரண்டாவது வடையைத் தின்னத் தொடங்கியது.

பதிவாளர் எழுந்தார். பாயை நீக்கினார். இடது வயரை எடுத்துச் செருகினார். கேசட்டைப் பின்னால் ஓட்டினார். என்னைப் பார்க்கவே இல்லை. திரையில் தன் தொடை வந்ததும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். முடித்தார். மறுபடி ஓட்டினார், மறுபடி எண்ணினார். ஒவ்வொரு தடவையும் நான் அவரைக் கேலி செய்தேன். ஒவ்வொரு தடவையும் எட்டாங்கிளாஸ் தாண்டாமல் நின்றேன்.

மூன்றாவது தடவை முடிந்ததும் பைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒம்பதுதான்" என்றார்.

"முப்பது வருசமா நானும் இதைத்தான சொல்லுதேன்" என்றாள் அத்தை. "கல்யாண வீட்டுல சொன்னேன், கோயில்ல சொன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னிய. இப்ப ஸ்பீக்கர் சொல்லவும் கேக்கிய."

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார். "எட்டு பொய்யா, பத்து பொய்யா?"

"பத்துதான் பொய் மாமா."

"அப்ப சரி. காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பும். தரகர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

காப்பி டம்ளரைக் கையில் எடுத்தேன்.

அப்போது நிலையோரமிருந்து கோமதி பேசினாள். அவள் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"அப்பா, பொண்ணு பாக்க வாரவுக எல்லாரும் இடது ஸ்பீக்கர்ல மட்டுந்தான் பேசுவாவ. இவிய வலதுலயும் பேசியாச்சு. கேக்க வேண்டியது எல்லாத்தையும் கேட்டுட்டோம். இதைவிட மோசமா இனி என்ன இருந்திரப் போகுது?"

(இருந்தது. பிற்பாடு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள்.)

"அவ சொல்லுதது சரிதான்" என்றாள் அத்தை. தன் முப்பது வருட வழக்கில் தீர்ப்பு வாங்கிக் கொடுத்தவனைக் காப்பியோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை என்றே நினைக்கிறேன். பதிவாளர் வெகுநேரம் ஒன்பதாவது விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "கேசட்டு இங்கனயே இருக்கட்டும்" என்றார். அதுதான் அவர் தந்த உறுதி வார்த்தை.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கேசட்டைத் திரும்பக் கேட்டேன். வலது பக்கத்தை மட்டும் அழித்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். "ஒருதடவை பதிஞ்சா பதிஞ்சதுதான் மாப்பிளை, அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அது வெளியே வரும். மச்சினன் பிள்ளைகளுக்கு முழுவதும் மனப்பாடம். வடை வருகிற இடத்தில் எல்லோரும் என்னோடு சேர்ந்து சத்தமாக வடை கேட்பார்கள். மாமாவுக்கும் கொஞ்சம் பாதிப்பு உண்டு. என்னோடு கச்சேரிக்கு வந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

இப்போது எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. இருந்தாலும் நல்ல சத்தமுள்ள கச்சேரிப் படம் எது என்று கேட்டு இன்றைக்கும் ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தம்புரா, டம்ளர், மூச்சு என்று பரீட்சைகளை விளக்குவேன். அப்படியே சைக்கிள் கேரியரில் தொடங்கியதையும், பிறகு வேன் வாங்கியதையும் சொல்லுவேன். வேன் வருகிற இடத்தில் அடுப்படியிலிருந்து கோமதியின் குரல் வரும்.

"சிவப்பு வயரையும் சொருகிட்டுப் பேசுங்க."

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. நான் அந்த வேனைத் தவணையில் வாங்கியதையும், முதல் நாளே வண்ணார்பேட்டை சாக்கடையில் இறக்கியதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.