இடிக்குப் பத்துக்குப் பத்து

எனக்கு மிகவும் நுட்பமான காது என்று நம்பிய ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அது நான்தான். சங்கீதம் படித்ததில்லை, ஒரு வாத்தியத்தைத் தொட்டதும் இல்லை. ஆனால் ஸ்பீக்கர்களைப் பற்றி யூடியூப்பில் வரும் வீடியோ ஒன்றையும் விட்டுவைக்கமாட்டேன். கலியாண வீட்டுக்குப் போனால் ஒலிபெருக்கிக்காரரைத் தேடிப்போய், "அண்ணன், பேஸ் கொஞ்சம் கலங்குது" என்று சொல்லாமல் சாப்பாட்டில் கை வைக்கமாட்டேன். (அவர்கள் முறைத்துப் பார்த்ததை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.)

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அப்படிக் கல்லடிக் கடற்கரையில் வளர்ந்த நான் போய்ச் சேர்ந்த இடம் வெல்லாவெளி. சுற்றிவர வயல். மனைவி சுகந்தி, மாமா, மாமி என்று அருமையான குடும்பம். ஆனால் முதல் மாதத்திலேயே என் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. எனக்கு நெல் மூட்டையின் வாயைக் கட்டத் தெரியாது. உழவு மெசினைக் கையில் தந்தார்கள், அது வயல் வரம்பில் ஏறி நின்றது. மாமா ஏசவில்லை. "சரி மருமகன், நீங்க நிழலுக்கு வாங்க" என்றார். நாலு பேர் முன்னால் ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஒரே ஒரு விஷயத்திலாவது நான் கெட்டிக்காரன் என்று இந்த மனிதருக்குக் காட்டிவிட வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது.

அந்த நேரம் பார்த்துக் கட்டாரிலிருந்து சுகந்தியின் தம்பி சஜீவன் போன் எடுத்தான்.

"அத்தான், காத்தான்குடியில ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் நிக்குதாம். அஞ்சு ஸ்பீக்கரும் பேஸ் பெட்டியும் சேத்து. நம்மட வீட்டுக்கு எடுப்பமெண்டு இருக்கன். நீங்கதான் சவுண்ட் தெரிஞ்ச ஆள். கேட்டுப் பாத்து ஓம் எண்டு சொன்னா எடுப்பம்."

சவுண்ட் தெரிஞ்ச ஆள்! அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விடிந்ததும் காத்தான்குடிக்குப் போனேன். கடைக்காரர் ரிஸ்வி நானா பெட்டியைத் துடைத்துக் கையில் தந்தார். "மூணு நாள் வெச்சிக் கேளுங்க தம்பி. பிடிச்சா எடுங்க, இல்லாட்டித் திருப்பிக் கொண்டு வாங்க. சத்தத்தில நீங்க பெரிய ஆளாமே!" என்றார். எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதுதான் ரிசீவரின் வேலை. அதை ஓட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வெல்லாவெளி வரைக்கும் வந்தேன். பள்ளம் வந்தபோதெல்லாம் ஓட்டோக்காரருக்கு ஏச்சு விழுந்தது.

வீட்டுக்கு வந்தால், வாசலுக்கு முன்னால் றோட்டில் படங்கு விரித்து மாமா விதைநெல் காயப் போட்டிருந்தார். அது புரட்டாதி மாதம். பெரும்போக விதைப்பு கிட்டிவிட்டது, எங்கள் ஒழுங்கையில் தெரு முழுக்க நெல்தான் காய்ந்துகொண்டிருந்தது.

"மருமகன், ஒரே ஒரு வேல தாறன்" என்றார் மாமா. "வானத்தப் பாத்துக்கங்க. கறுத்தா ஒரு குரல் குடுங்க. விதநெல்லு. நனைஞ்சா விதைக்க ஏலா."

"ஓம் மாமா" என்றேன். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. உண்மையாகவே பார்க்கத்தான் நினைத்திருந்தேன்.

பெட்டியை வீட்டு முன் ஹோலில் வயர் கொடுத்துப் பூட்டினேன். அதோடு ஒரு சின்ன மைக் தந்திருந்தார்கள். நாம் இருந்து கேட்கும் கதிரையில் அதை வைத்தால், பெட்டி தானே கூவிக் கூவி அறையை அளந்துகொள்ளும். அந்த நேரம் வேறு சத்தம் கேட்கக் கூடாது. ஆகவே மாமி தேங்காய் துருவத் தடை போட்டேன். கோழிகளைத் தெருவரை துரத்தினேன்.

"என்னகா இது, பெட்டிக்கு வைத்தியம் பாக்கிறாரா?" என்று மாமி மகளிடம் கேட்டது காதில் விழுந்தது. (நல்ல காது அல்லவா.)

அடுத்தது பரீட்சை. பென்டிரைவில் சோதனைச் சத்தங்கள் வைத்திருந்தேன். ரயில், குதிரை, காட்டுக்குள் மழை. (ஹெலிகொப்டரும் இருந்தது. அதைப் போடும் அளவுக்கு நான் விசரன் இல்லை. யுத்த காலத்து அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் கட்டிலுக்கடியில் போகிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.) கொப்பி ஒன்றைத் திறந்து, கோடு போட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் பத்துக்கு எத்தனை என்று எழுத ஆயத்தமானேன். மழையைப் போட்டேன். முதலில் காற்று. பின்னால் இடப்பக்கத்திலிருந்து மெல்லிய உறுமல். பிறகு, அம்மாளே, வீடே அதிர ஒரு இடி!

சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வெளியே மாமாவுக்கும் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. சாப்பிட்டுவிட்டு வாசல் தாழ்வாரத்து மர வாங்கில் கண்ணயர்ந்திருந்த மனிதர் துள்ளி எழும்பி, "மழ! மழ வருது! நெல்ல அள்ளுங்க!" என்று கத்திக்கொண்டு றோட்டுக்கு ஓடினார். குசினிக்குள்ளிருந்து மாமி ஓடினா, சுகந்தி ஓடினாள். ஒரு வீட்டில் நெல் அள்ளினால் பக்கத்து வீட்டுக்காரர் வானத்தைப் பார்க்கமாட்டார்கள், தாங்களும் அள்ளுவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் ஒழுங்கை முழுக்கச் சாக்கும் கடகமுமாக ஒரே ஓட்டம்.

நான் வெளியே வந்து பார்த்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வானத்தில் கையளவு மேகம்கூட இல்லை. அள்ளி முடித்த மூட்டைகளுக்கு நடுவே மாமா இளைக்க இளைக்க நின்றார். ஹோலுக்குள் இடி இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது.

"அது... அது ரிசீவர் மாமா" என்றேன்.

ஒழுங்கையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. "மறுகாப் போடுறதெண்டா கதவச் சாத்திப் போட்டுப் போடுங்க மருமகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நெல்லை முதலிலிருந்து கொட்டிப் பரப்பத் தொடங்கினார். ஒழுங்கைக்காரரும் அப்படியே. நானும் உதவிக்குப் போனேன். நிழலுக்கு அனுப்பிவிட்டார்.

மானமுள்ளவன் அத்தோடு பெட்டியைக் கட்டி வைத்திருப்பான். நானோ கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், சத்தம் வெளியே போகாமலிருக்கப் பெட்ஷீட்டையும் தொங்கவிட்டேன். மழையை முதலிலிருந்து போட்டேன். வானத்தைப் பார்க்கிற வேலை? அது எந்தப் பக்கம் இருந்தது என்றே மறந்துவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். காற்று, ஏழு மார்க். உறுமல், எட்டு. கொஞ்ச நேரத்தில் சத்தம் ஒரு கணம் அறுந்து, திரும்பத் தொடங்கியது. தொடங்கியது என்றால் எப்படி! முன்னுக்கும் பின்னுக்கும் பக்கவாட்டிலும் என்று இருந்த மழை இப்போது தலைக்கு மேலாலும் பெய்தது. வெறும் ஐந்து ஸ்பீக்கர், அதில் ஒன்றுகூடக் கூரையில் இல்லை, ஆனால் மழை கூரையில் விழுகிறது! என்ன பெட்டியடா இது! அடுத்து விழுந்த இடியில் கதிரையின் கால் நடுங்கியது. "இடி: 10/10" என்று எழுதி, இரண்டு தரம் கோடு போட்டேன். மண் வாசனைகூட வந்தது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது, உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

வெளியே நடந்ததைச் சுகந்தி பிறகு சொன்னாள். முதல் முழக்கம் கேட்டதும் மாமா வாங்கில் புரண்டு படுத்து, "மருமகன்ட இடி" என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர் எழும்பவே இல்லையாம். குசினிக்குள் மாமி, "இந்த முற நல்லாத்தான் பெய்யுது" என்று பாராட்டிக்கொண்டே கறியைக் கிளறியிருக்கிறா. தகரத்து ஓட்டையால் ஒழுகிய தண்ணீர் பிடரியில் விழுந்த பிறகுதான், "இஞ்சப் பாருங்க, பெட்டி மழ நனைக்குமா?" என்று கத்தியிருக்கிறா. அதற்குள் படங்கில் நெல் மிதந்தது.

கதவு படாரென்று திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மாமா நின்றார்.

நான் கையை உயர்த்தினேன். "கொஞ்சம் பொறுங்க மாமா, இதக் கேளுங்க! பின்னுக்கு வலப்பக்கம் என்ன துல்லியம்!"

"மருமகன்" என்றார் மாமா, அமைதியாக. "கரண்ட் போய் அரை மணித்தியாலம்."

மேலே பார்த்தேன். காற்றாடி நின்றிருந்தது. பெட்டியில் ஒரு வெளிச்சமும் இல்லை. மாமா ஈரக் கையால் என் கொப்பியை எடுத்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். "இடி, பத்துக்குப் பத்து." பூமி வெடித்து உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது. அவர் கொப்பியை மூடி என் மடியில் வைத்தார்.

அடுத்த மூன்று நாளும் மாமாவின் நெல்லை மட்டுமல்ல, அந்த ஒழுங்கை முழுவதன் நெல்லையும் வெயிலில் நின்று காலால் கிளறியவன் நான்தான். யாரும் என்னை நிழலுக்குக் கூப்பிடவில்லை. பாதி முளைத்துவிட்டது, விதைக்கு உதவாமல் கோழிகளுக்குப் போனது. முன்பு நான் துரத்திவிட்ட அதே கோழிகள். குறைந்த விதைக்கு மாமா அண்ணன் வீட்டில் கேட்டு வாங்கினார். நானும் கூடப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், மூட்டையைத் தோளில் சுமந்து வந்தேன். வழியில் அதன் வாய் அவிழ்ந்துவிட்டது. மாமா நின்று, எப்படிக் கட்ட வேண்டும் என்று கட்டிக் காட்டினார்.

சஜீவன் பெட்டியை எடுத்துவிட்டான். "அப்பாவையே எழுப்பின சவுண்ட் அத்தான், வேற ரிப்போட் எதுக்கு?" என்றான்.

இப்போது மூட்டை கட்டுவேன், மெசினும் வரம்பில் ஏறுவதில்லை. ஆனால் எங்கே இடி முழங்கினாலும் மாமி குசினியிலிருந்து, "மருமகன், சத்தத்தக் குறைங்க!" என்பா. ஒழுங்கையால் போகிறவர்களும் சொல்வார்கள். மாமா மட்டும் அந்த விஷயத்தை வாயால் எடுத்ததே இல்லை.

போன வாரம் வரைக்கும். நானும் அவரும் நெல்லை அள்ளி உள்ளே ஏற்றி முடிக்கவும், வயல் பக்கம் ஒரு இடி விழவும் சரியாக இருந்தது. வீடு அதிர்ந்தது. மாமா வாங்கில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"மருமகன், இதுக்குப் பத்துப் போடலாமா?"

"பொறுங்க மாமா" என்றேன். "முதல்ல கரண்ட் இருக்கா எண்டு பாத்திட்டு வாறன்."

மாமா சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.