புளி போட்டுத் தேய்த்த புத்தர்

ஈப்போவில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்த லியனார்ட், செவ்வாய்க்கிழமை மத்தியானம் திரும்பி வந்து கடைசி அறையின் கதவைத் திறந்தார். திறந்தவர் தோள்பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றுவிட்டார். மேசைமேல் அவருடைய புத்தர் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தார்.

மூன்று நாளைக்கு முன்பு அவர் பார்த்துவிட்டுப் போன புத்தர் கன்னங்கறுப்பு. கழுத்து மடிப்பிலும் மடியிலும் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அந்தக் களிம்புதான் வெண்கலத்தின் வயசுக்குச் சாட்சி, அதன்மேல் ஈரத்துணி படுவதே பாவம் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது புதுக் குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாக இருந்தது.

"நான்தாண்ணே," என்றார் பின்னாலிருந்து இராஜம்மா. வாரத்தில் மூன்று நாள் வந்து வீட்டைக் கூட்டித் துடைத்துக் கொடுப்பவர். "சனிக்கிழமை இதைப் பார்க்க ஆளு வராங்க, துடைச்சு வைன்னு அக்கா சொன்னாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ரெண்டு நாளு புளி போட்டுத் தேய்ச்சேன். முடியலன்னு விடுற ஆளா நான்?"

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் விளக்குத் தேய்ப்பதில் இராஜம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பெயரை நினைத்து லியனார்டுக்கு அழுகையே வந்தது. சிலையைத் தூக்கிப் பார்த்தார். எடைகூடக் குறைந்த மாதிரி பட்டது. இடது காதோரம் இருந்த சின்ன வெட்டு மறைந்தே போயிருந்தது. இரண்டு நாள் புளி என்னவெல்லாம் செய்திருக்கும் என்று நினைத்து வயிறெரிந்தார். திட்ட வாய் வரவில்லை, ஏனென்றால் துடைக்கச் சொன்னது அவர் மனைவி உர்சுலா.

உர்சுலாவிடமும் சொல்ல முடியாது. சமையலறையில் தொங்கும் மாதா கோயில் நாள்காட்டியில், சனிக்கிழமைக் கட்டத்துக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதியிருந்தது. சிலை அசல் என்றால் கடைசி அறை லியனார்டுக்கு. இல்லையென்றால் உர்சுலாவின் தையல் மெஷினுக்கு, அறையில் உள்ள மொத்தச் சாமானும் பழைய பேப்பர் வாங்கும் லோரிக்கு. கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

உர்சுலாவையும் குறை சொல்வதற்கில்லை. பதினொரு வருஷமாக ஹாலில், வருகிறவர்கள் காலைத் தூக்கி மெஷின் வயரைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். ரயில்வே ஸ்டோரில் முப்பது வருஷம் ஊரார் சாமானை எண்ணிக்கொண்டிருந்த லியனார்ட், ஓய்வு பெற்ற மறு வாரமே தனக்கென்று சாமான் சேர்க்க ஆரம்பித்தார். நாக்கில்லாத மணி, தந்தமில்லாத மூன்று யானை, விளிம்பு உடைந்த நியோன்யா பீங்கான் தட்டுகள். ஒவ்வொன்றையும் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, போலி என்று சொல்ல மனசில்லாமல் அழகாக இருக்கிறது என்று சொன்னார்கள். கடைசியாக, கிள்ளானில் மூடப்போகும் ஒரு பழைய சாமான் கடையின் மூலையிலிருந்து, யாரையும் கேட்காமல் தன் கண்ணை மட்டும் நம்பி எடுத்தது இந்தப் புத்தர். விலை அவருக்குப் பெரிதில்லை. ஒரே ஒரு தடவையாவது தன் கண் சரியாகப் பார்த்தது என்று யாராவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஏக்கம்.

சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அதற்குள் புத்தரைப் பழையபடி கறுப்பாக்கியாக வேண்டும்.

முதலில் அவர் தன் சொந்த அறிவைப் பயன்படுத்தினார். சமையலறையிலிருந்து கிச்சாப் என்கிற கெட்டிக் கறுப்புச் சோயா சாஸையும் வினிகரையும் எடுத்துவந்து, பெயின்ட் பிரஷால் இரண்டு கை பூசினார். நிறம் என்னவோ அருமையாகத்தான் வந்தது. புதன்கிழமை காலையில் அடுப்படியிலிருந்து கடைசி அறைவரை எறும்பு வரிசை போனது. கிச்சாப்பில் இவ்வளவு சர்க்கரை இருக்கும் என்று லியனார்ட் நினைத்துப் பார்க்கவில்லை. உர்சுலா எறும்புக்குக் காரணம் கேட்டபோது, அறையில் உட்கார்ந்து கேக் தின்றதாகச் சொன்னார். அவருக்குச் சர்க்கரை வியாதி. அதற்கு அரை மணி நேரம் தனியாகத் திட்டு விழுந்தது. வெந்நீரில் கழுவியபோது புத்தர் மறுபடி மஞ்சளாகி, அங்கங்கே தேமல் வந்தவராக வெளியே வந்தார்.

வேறு வழியில்லாமல் மலாய்க்காரர்களின் பழைய கிரிஸ் கத்தி சேர்க்கும் நண்பர் தம்புசாமிக்குப் போன் போட்டார். தம்புசாமிக்குத் தெரியாதது எதுவுமில்லை, அதுவும் போனில். ஆட்டுப் புழுக்கையும் உப்பும் வினிகரும் கலந்த மண்ணில் புதைத்து வைத்தால், மூன்று நாளில் முந்நூறு வருஷக் களிம்பு ஏறும் என்று அவர் அடித்துச் சொன்னார். லியனார்ட் அன்றைக்கே சுங்கை பூலோவுக்குப் போய், ஒரு நாற்றுப் பண்ணையில் ஒரு மூட்டைப் புழுக்கை வாங்கிவந்தார். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் புதைக்க ஏது இடம்? வாசல் நடையில் கறிவேப்பிலை வைத்திருந்த பெரிய தொட்டிதான் இருந்தது. உர்சுலா மார்க்கெட் போன நேரம் பார்த்துப் புத்தரை அதற்குள் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி மூடினார்.

அன்று சாயங்காலம் இராஜம்மா ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். கிள்ளானுக்குப் போனபோது வாங்கியதாம். வழக்கமில்லாத வழக்கமாக, அண்ணனுக்குக் கோபம் ஒன்றும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டார். பாவம், நல்லதென்று நினைத்துச் செய்தவள் என்று லியனார்ட் முறுக்கைக் கடித்துக்கொண்டே மன்னித்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் அடித்த மழையில் சாரல் நடைக்குள் வந்து தொட்டி மண் உட்கார்ந்துபோனது. பக்கத்து வீட்டு வள்ளியம்மா பல வருஷமாகக் கேட்காமலே அந்தச் செடியில் கறிவேப்பிலை கிள்ளிக்கொள்பவர். அன்றும் கிள்ள வந்தார். மண்ணுக்குள்ளிருந்து ஒரு தலை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லியனார்ட் கதவைத் திறப்பதற்குள் தலைக்குக் குங்குமம் வைத்தாகிவிட்டது. தோண்டி எடுத்துப் பாலூற்றி, தொட்டி மண்மேலேயே உட்காரவைத்ததும் ஐந்து மாடிக்கும் செய்தி போய்விட்டது. எந்தச் சாமி என்று யாரோ கேட்டதற்கு, தானாக வந்த சாமியிடம் பேரா கேட்பது என்று வள்ளியம்மா அதட்டினார். நான்தான் புதைத்தேன் என்று லியனார்டால் சொல்ல முடியவில்லை. பின்னாலேயே உர்சுலா நின்றுகொண்டு, இது உங்கள் புத்தரைப் போலவே இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாப் புத்தரும் ஒரே சாயல்தான் என்று லியனார்ட் சொல்லிவிட்டுக் கடைசி அறையைப் பூட்டி, சாவியை ஜேபியில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க நல்லெண்ணெய்க் காப்பு, சூடம், ஊதுபத்தி. நாலாவது மாடிக்காரருக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்றார்கள். அன்று சாயங்காலம் உர்சுலா வீட்டில் ஜெபக்கூட்டம். வந்தவர்கள் வாசலில் எரிந்த சூடத்தைத் தாண்டி, உள்ளே தையல் மெஷின் வயரைத் தாண்டி உட்கார்ந்தார்கள். ஜெபமாலையின் ஐந்தாவது தேவ ரகசியத்தில் வெளியே மணி அடித்தது. உர்சுலா கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னார்.

விடிந்தால் சனிக்கிழமை. சிலையைத் தொட்டால் வள்ளியம்மா விடமாட்டார். காலை எட்டு மணிக்கு லியனார்ட் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்று, சாமி கனவில் வந்து தன்னை உள்ளே கூட்டிப் போகச் சொன்னதாக மெல்ல அறிவித்தார். ஞானஸ்நானம் வாங்கிய வாயால் இப்படிச் சொல்வது அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. வள்ளியம்மா கண் கலங்கி, சிலையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். திரும்பினால் நிலைப்படியில் உர்சுலா நின்றார்.

"சாமிநாதர்கிட்ட நான் என்னங்க பதில் சொல்றது?" என்றார். பங்குக் குருவைத்தான் சொன்னார். "ஒரு ரூமுக்காக வேதத்தையே விட்டுட்டீங்களா?"

அவர் குரல் உடைந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று லியனார்ட் வாயைத் திறந்த நேரத்தில் மதிப்பீட்டாளர் ஷான் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

ஷான் கோலாலம்பூரில் ஏலம் விடுகிறவர்களுக்கெல்லாம் சிலை பார்த்துச் சொல்பவர். நாற்பது வயசு, மெதுவான பேச்சு. வெள்ளைக் கையுறை மாட்டி, பூதக்கண்ணாடியும் சின்ன டார்ச்சுமாகப் புத்தரைத் திருப்பித் திருப்பி முக்கால் மணி நேரம் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். புழுக்கை வாசம் லியனார்டுக்கே அடித்தது. இனி தையல் மெஷின்தான் என்று அவர் மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

"அங்கிள், இது மண்ணுக்குள்ள கிடந்திருக்கு," என்றார் ஷான். "அதுக்கப்புறம் யாரோ எடுத்து வச்சு ரொம்ப காலம் கும்பிட்டிருக்காங்க. பாலு, எண்ணெய், சூடம், ஒன்னுமேல ஒன்னா படிஞ்சிருக்கு. இந்தப் படிவை யாராலயும் போலியா செய்ய முடியாது லா. இருநூத்தம்பது வருஷத்துக்குக் குறையாது."

அதையே கடிதத்தில் எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

லியனார்டின் மனசாட்சி கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு அவர் அதற்குச் சமாதானம் சொன்னார். படிவு நாலு நாள்தான், ஆனால் சிலை பழசுதானே, ஆக மொத்தத்தில் அந்த மனிதர் சொன்னது சரி. புளியில் போன வயசை இவர் கைப்பட மீட்டுக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். இப்படி நினைத்ததும் மூச்சு இலகுவாக வந்தது.

உர்சுலா கடிதத்தை இரண்டு முறை படித்தார். எல்லாம் சிலைக்காக ஆடிய கூத்துதான், வேதம் வேதமாகவே இருக்கிறது என்று கணவர் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. நாள்காட்டியைக் கழற்றிவந்து அந்தக் கட்டத்தில் பெரிய சரி ஒன்று போட்டார்.

"உங்க கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு," என்றார். "பதினோரு வருஷமா நான்தான் நம்பல."

லியனார்ட் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். கல்யாண நாளில்கூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டும் என்று சொல்லி, உர்சுலா டீ கலக்க உள்ளே போனார்.

அதுவரை துடைப்பக்கட்டையோடு கதவோரம் ஒதுங்கி நின்ற இராஜம்மா, பக்கத்தில் வந்து கடிதத்தையும் புத்தரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போல ஒரு மூச்சு விட்டார்.

"இப்பத்தாண்ணே எனக்கு உசுரே வந்துச்சு," என்றார். "தேய்க்கிறப்ப உங்க பழைய சிலை கை தவறி விழுந்து தலை தனியா போச்சு, அதைப் பேப்பர் லோரியில போட்டுட்டு, கிள்ளான்ல பூசைச் சாமான் கடையில நூத்தி இருபது வெள்ளி குடுத்து இதை வாங்கி வச்சது நல்ல சாமான்தானான்னு நாலு நாளா ஒரே பயமா இருந்துச்சு."