மீனுக்கு நான் போட்ட சத்துப்பொடி

நடைமுறை அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்தவனை எந்த வேலைக்கும் தனியாக அனுப்பக் கூடாது. ஓய்வு பெறும் வரை பிறருக்கு நடைமுறை சொல்லிக்கொடுத்தே சம்பளம் வாங்கியவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தேன். வளர்ப்பு மீன்களுக்கென்று ஈஸ்ட்டும் வைட்டமினும் கலந்த சத்துப்பொடி ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். அதைக் குட்டையில் போட்டுக் காட்ட என்னை அனுப்பினார்கள். (மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த சைவன். மீனைப் படத்தில் பார்த்தே மீன் வளர்ப்புப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவன்.)

குட்டை டிராம்பே பக்கம். குத்தகைக்கு எடுத்திருந்தவர் தாராவியில் தோல் கிடங்கு வேலை பார்த்த செல்லையா அண்ணாச்சி. மகள் கல்யாண விருந்துக்கென்றே கெண்டை வளர்த்துவந்தார்.

"எல்லாம் நோஞ்சானா கெடக்கு, சார். சம்பந்தி வீட்ல மீன் கொழம்புன்னு வாக்கு குடுத்துட்டேன். கல்யாணத்துக்குள்ள சதை பிடிச்சிருமா?"

"பிடிக்காமல் என்ன?" என்றேன்.

பிண்ணாக்கிலும் தவிட்டிலும் பொடியைக் கொஞ்சமாகக் கலந்து, மீன் தின்னுமளவே போட வேண்டும் என்பது விதி. கல்யாணம் நெருங்கியதால் விதியை நான் தாராளமாக்கினேன். கூடை கூடையாகக் கொட்டினோம்.

சில நாள் கழித்து விடியற்காலையில் போனால், மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"என்ன சார் இது, அம்புட்டும் மேல வந்து நிக்கி?"

"ருசி கண்டுவிட்டன. இன்னும் கேட்கின்றன."

"நெசமாவா? பச்சப்புள்ளையள மாதிரில்லா கேக்குதுவ." அண்ணாச்சி நெகிழ்ந்துபோனார். நான் என் கையாலேயே இன்னும் இரண்டு கூடை போட்டேன்.

தின்னாத தீனி அழுகினால் தண்ணீரில் பிராணவாயு குறையும். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் தீனியை நிறுத்து. பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். மறுநாள் குட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதந்தபோதுதான் அந்த விடை வரிக்கு வரி ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சம்பந்திட்ட என்னத்தச் சொல்ல?" என்று மட்டும் கேட்டார். (அதற்கான நடைமுறை எனக்குத் தெரியாது.)

கல்யாணத்தில் கத்தரிக்காய் சாம்பார். முதல் பந்தியில் என்னை உட்காரவைத்து, சம்பந்தி காதில் விழும்படி அண்ணாச்சி சொன்னார்: "கம்பெனி ஆபீசர். பக்கா சைவம். அவியளுக்காகத்தான் மீன நிறுத்திட்டோம்."

"ஒத்த ஆளுக்காகவா?" என்றார் சம்பந்தி.

பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

இதைப் பிற்பாடு என் மனைவியிடம் சொன்னது அடுத்த தவறு. இன்றும் சாப்பிடும்போது நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், கரண்டியும் கையுமாக நின்றுவிடுகிறாள்.

"பசியா, மூச்சு முட்டறதா? தெரிஞ்சுண்டு போடறேன்."