பெயர் குறிப்பிட விரும்பாத நேயர்

பொய் சொல்லி எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தவன் வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் பிறவியிலேயே இல்லை.

ராவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்த புதிது. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்றே வாரம். அப்போது போய், வயிற்றுப்போக்கு என்று கிளினிக்கில் முனகி ஒருநாள் எம்சி வாங்கினேன். (வயிறு நன்றாகத்தான் இருந்தது. தூங்க ஆசை, அவ்வளவுதான்.)

மதியம் தமிழ்ச் செய்தியில், ஈஜோக் சாலையில் பள்ளம் என்றார்கள். படத்தில் பின்னால் தெரிந்ததோ கெர்லிங் பெயர்ப்பலகை! ஈஜோக்கில் பிறந்து, அங்குள்ள பள்ளம் ஒன்றுவிடாமல் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவன் நான். பொறுப்பேனா? செய்திப் பிரிவின் வாட்ஸ்அப் எண்ணுக்கு முழ நீளத்துக்குப் புகார் எழுதினேன். பெயர், ஊர், வேலை எல்லாம் போட்டேன். கனமாக இருக்கட்டுமென்று, "அரைமணி நேரமும் இடத்தைவிட்டு ஒருமுறைகூட எழாமல் பார்த்தவன் என்ற முறையில்" என்றும் சேர்த்தேன்.

நாலு மணிக்குச் செய்தி ஆசிரியர் அம்மாவே போனில் கூப்பிட்டார்.

"சார், தப்பு எங்களோடதுதான். இன்னைக்கு ஏழு மணிச் செய்தியில உங்க புகாரை வாசிச்சு மன்னிப்புக் கேக்கப் போறோம்."

எங்கள் சூப்பர்வைசர் மாணிக்கம் அண்ணன் ஏழு மணிச் செய்தி பார்க்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் மேடம்! அது ஈஜோக்தான். நான்தான் சரியா பாக்கல."

"இல்ல சார், செக் பண்ணிட்டோம். கெர்லிங்தான்."

"அப்ப புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்!"

"பதிவாயிடுச்சு சார்." குரலைத் தாழ்த்தினார். "உங்கள யாராச்சும் மிரட்டுறாங்களா?"

அழாத குறை. பெயரையாவது சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். "சரி லா சார்" என்றார். பாதி உயிர் திரும்பியது.

மீதி உயிர் ஏழு மணிவரை ஊசலாடியது. வேலை போனால் மோட்டார் சைக்கிளுக்கு யார் மாதத் தவணை கட்டுவது? பயத்தில் வயிறு நிஜமாகவே கலங்கி, நாலு முறை போய் வந்துவிட்டேன். "ஏங்க, உண்மையிலேயே முடியலையா?" என்று மனைவி கோமதியே குழம்பிப்போனாள்.

செய்தி வாசிப்பவர் திருத்தமாக வாசித்தார். "பெயர் குறிப்பிட விரும்பாத நேயர் ஒருவர், ஈஜோக்கைச் சேர்ந்த ராவாங் கையுறைத் தொழிற்சாலை ஊழியர், இன்றைய மதியச் செய்தியை அரைமணி நேரமும் இடத்தைவிட்டு ஒருமுறைகூட எழாமல் பார்த்து..."

எங்கள் தொழிற்சாலையில் ஈஜோக்காரன் நான் ஒருவன்தான். மன்னிப்பு முடிவதற்குள் போன் அடித்தது. மாணிக்கம் அண்ணன்.

"தம்பி, வயித்துப்போக்குன்னுதானே எம்சி?"

"ஆமாண்ணே."

"அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லையாமே?"

"இப்ப நெசமாவே போகுதுண்ணே!" என்று போனோடு ஓடினேன். என் வயிற்றைப் பற்றி அன்று முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் அதை மட்டும் நம்பவில்லை.

வேலை போகவில்லை. நிரந்தரமாவது மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. ஆனால் இன்றைக்கும் செய்தி ஓடும்போது நான் பாத்ரூமுக்குக் கிளம்பினால், என் மகள் வீடே அதிரக் கத்துகிறாள்.

"அம்மா, நேயர் எழுந்துட்டாரு!"